பதினாலாம் நம்பர் கூண்டின் பொட்டு

சென்ற ஆயுத பூஜையன்று காலையில் சிவா போன் செய்தான். சிவா சான் ரமோனில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஊர் தாராபுரம். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் கோல்ஃப் விளையாடப் போனால், இவன் கராஜில் மரத்தில் வாழும் போவாப் பாம்புகள் வளர்க்கிறான். அந்தக் கிறுக்கு என்னிடமிருந்து தொற்றியது என்று அவன் மனைவி திவ்யா நம்புவதால், அவர்கள் வீட்டில் எனக்குக் காபி கொஞ்சம் ஆறித்தான் வரும்.

"அங்கிள், ஒரு டவுட்டு. உங்க ரூத் மேடம் இந்துவா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போன மனுஷி. ஏன்ப்பா?"

"அவங்களோட பழைய கூண்டு ஆறு வாங்கினேன்ல? பூஜைக்குத் தொடச்சிட்டு இருக்கேன். ஒவ்வொரு கூண்டுலயும் ரெண்டு சென்சார். அதுல ஒண்ணுக்கு மட்டும் செவப்பா பொட்டு வெச்சிருக்கு. பார்த்தா நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு. அதைச் சொரண்டிட்டு நல்ல குங்குமமா வெக்கலாம்னு திவ்யா சொல்றா. வெளிய எடுக்கட்டுமா?"

"எடுக்காத."

நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "சென்சாரா?" என்றாள். தலையாட்டினேன். "பாவம், அந்தப் பிள்ளைகிட்ட முழுசாச் சொல்லிருங்க. நீங்க பண்ணின கூத்து யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் மூன்று மாதமாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சிவாவுக்கும் சேர்த்து இதுவே பதில்.

நான் கோவில்பட்டிக்காரன். பெயர் சண்முகவேல். விலங்கியலில் எம்.எஸ்ஸி. ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்தேன். தவளையை அறுத்துக் காட்டுவது என் வேலை. தவளை துள்ளினால் நானும் துள்ளுவேன் என்பதால் மாணவர்கள் என் வகுப்பைத் தவற விடுவதில்லை. தொண்ணூறில் வசந்தாவுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. அவள் பெட்டிகளோடு பெட்டியாக நானும் வந்தேன். என் விசாவில் வேலை செய்யக் கூடாது. மூன்று வருடம் மகள் காவ்யாவை டேகேரில் விட்டேன், கூட்டி வந்தேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பார்ட்டிகளில் ஆண்கள் கம்பெனிப் பெயர்களைச் சொல்லி அறிமுகமாகும்போது, ஐஸ் எடுத்து வரும் சாக்கில் எழுந்து போகவும் கற்றுக்கொண்டேன். என் அளவுக்கு ஐஸ் சுமந்த தமிழன் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டான்.

தொண்ணூற்று மூன்றில் கிரீன் கார்டு வந்தது. லிவர்மோரில் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. "விலங்குகளைப் பராமரிக்க ஆள் தேவை" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தார்கள். பசு என்று நினைத்துப் போனேன்.

கதவைத் திறந்தவர் ரூத். அறுபது வயது இருக்கும். உயரம், ஒல்லி, கத்தரித்த நரைமுடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பேனா. மருத்துவமனைப் பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பேனாவைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டார் போலிருந்தது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டதால் இங்கும் தமிழிலேயே பேசுவார்.

"பாம்பு கடிச்சிருக்கா?" என்றார்.

"இல்லைங்க மேடம்."

"அப்ப திங்கட்கிழமை வா. கடிச்சதும் இருப்பியா ஓடுவியான்னு பார்க்கலாம்."

உள்ளே வரிசையாக நாற்பது கூண்டுகள். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கொம்பின் மேல் ஒரு பாம்பு தன்னை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டு, தலையை நடுவில் வைத்துக் கிடந்தது. தென்னமெரிக்க மழைக்காட்டு மரங்களில் வாழ்பவை. விஷம் கிடையாது. ஆனால் அந்த நிறங்களுக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒன்று மஞ்சள் பொடி. ஒன்று செங்கல். இன்னொன்று சாம்பலில் குங்குமம் கொட்டியதுபோல். ஒரே தாய்க்கு ஒரே நாளில் பிறந்த குட்டிகள்கூட ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும் என்றார் ரூத். ஓடிவிட வேண்டும் என்று காலுக்குத் தோன்றியது. கண் மறுத்துவிட்டது.

இரண்டாவது நாளே மூக்கில் கடி. இந்தப் பாம்பின் உதட்டோரம் சிறுசிறு குழிகள் இருக்கும். அவற்றால் அது சூட்டைப் 'பார்க்கும்'. எதிரே சூடாக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் இரை என்றே முடிவு செய்யும். கடவுள் எனக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒன்றைத்தான் தாராளமாகக் கொடுத்திருந்தார். அந்த வாரம் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூக்கில் பிளாஸ்திரியோடு போனேன். "ஷேவ் பண்ணும்போது பட்டிருச்சு" என்றேன். மூக்கு நுனியில் ஷேவ் செய்துகொள்பவன் என்ற பெயர் கொஞ்ச நாள் இருந்தது.

வேலையைப் பற்றி யாரும் கேட்டால், "பயோ சைடுல ஒரு பிரைவேட் லேப்" என்பேன். இந்தப் பொய் எட்டு மாதம் தாக்குப் பிடித்தது. பிறகு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் ஒரு பாட்லக் விருந்தில், பதினைந்து பேர் நடுவே, ஏழு வயதுக் காவ்யா தட்டில் பாஸ்தாவை வைத்துக்கொண்டு, "மை டாட் ஃபீட்ஸ் டெட் மைஸ் டு ஸ்னேக்ஸ். ஹீ வார்ம்ஸ் தெம் அப் ஃபர்ஸ்ட்" என்று தெளிவாக அறிவித்தாள். ஆன்ட்டி ஒருவர் நான் கொண்டுபோயிருந்த புளியோதரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அன்று புளியோதரை முழுவதும் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஒரு வாரம் கழித்து அதே ஆன்ட்டி ரகசியமாகப் போன் செய்து, நாகதோஷம் இருக்கும் தன் மகனைக் கூட்டி வந்து பாம்புகளுக்குப் பால் வைக்கலாமா என்று கேட்டார். பாம்பு பால் குடிக்காது என்றேன். "நீங்க எம்.எஸ்ஸி.ன்னு காட்டிக்காதீங்க" என்றார்.

ரூத்திடம் கற்றுக்கொண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கொம்பு. மரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பாம்பை மரத்திலிருந்து பிரிக்கக் கூடாது. இழுத்தால் அது மேலும் இறுக்கும். நாமும் இழுத்தால் முதுகெலும்பு பாதிக்கும். ஆகவே கூண்டின் கொம்புகள் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட காடியில் உட்கார்ந்திருக்கும்படி செய்திருந்தார். கூண்டைத் திறக்கும் முன் பாம்பின் தலை எங்கே என்று பார்க்க வேண்டும். திறந்ததும் இரண்டு மூச்சு விட்டு நிற்க வேண்டும். பின்பு கொம்பைப் பாம்போடு சேர்த்துத் தூக்கி வேறு கூண்டின் காடியில் வைக்க வேண்டும். வீடு மாறியதே பாம்புக்குத் தெரியாது. "நாம அதை நகர்த்தலை, ஷான். அது உட்கார்ந்திருக்கிற இடத்தை நகர்த்துறோம்" என்பார். சண்முகவேல் அவர் வாயில் ஷான் ஆகியிருந்தேன். அவசரப்பட்டு நான் ஒருமுறை தவறாகச் செய்தால் திட்டமாட்டார். கொம்பைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு, போய்க் கை கழுவிக்கொண்டு வந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். ஒரு நாள் ஏழு முறை கை கழுவினேன்.

இரண்டாவது, அட்டை. ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு தடித்த அட்டை. பிரசவ வார்டு வழக்கம். என்ன தின்றது, எப்போது சட்டை உரித்தது, காலை மாலை வெப்பம் எவ்வளவு என்று எல்லாம் பேனாவில்தான் எழுத வேண்டும். பென்சில் கிடையாது, அடித்தல் கிடையாது. "என்ன நடந்ததோ அதை எழுது. என்ன நடந்திருக்கணுமோ அதை எழுதாத." பாம்புகளுக்குப் பெயர் வைக்கவும் கூடாது, நம்பர்தான். பெயர் வைத்தால் பாம்பைப் பார்க்காமல் பெயரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோமாம்.

நான் ரகசியமாகப் பெயர் வைத்தேன். பதினாலாம் நம்பருக்கு மிளகாப்பழம்.

பழுத்த மிளகாய் வற்றலாகும் முன் ஒரு சிவப்பு இருக்குமே, அந்தச் சிவப்பு. குணமும் அதேதான். கொட்டகையில் அவளிடம் கடி வாங்காத ஆள் கிடையாது, தபால்காரர் உட்பட. காட்டில் பிடித்துப் பெட்டிகளில் அடைத்து விமானத்தில் வந்த சரக்கு அவள். அந்தப் பெட்டியில் வந்த மற்றவை உடல் வற்றி, பூச்சி அரித்து, ஒவ்வொன்றாக இறந்துபோயின. அவளும் எலுமிச்சை நிறத்தில் ஓர் ஆணும் மட்டும் பிழைத்தார்கள். அந்தப் பெட்டியைத் திறந்த நாளில்தான் ரூத் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த நிறத்தை விரும்புகிறவர்களுக்கு இங்கேயே பிறந்த குட்டிகள் கிடைத்துவிட்டால், காட்டிலிருந்து பெட்டி வர வேண்டிய தேவை குறையும். அதற்காகத்தான் அந்தக் கொட்டகை.

ஆனால் மிளகாப்பழம் குட்டி போடவில்லை. இலையுதிர் காலத்தில் இரவு வெப்பத்தைச் சில டிகிரி குறைத்து, மழை பெய்வதுபோல் தண்ணீர் தெளித்து, ஆணை உள்ளே விடுவோம். ஜோடி சேரும். வயிறு பெருக்கும். கடைசியில் கருவே இல்லாத மஞ்சள் கட்டிகளைப் போடுவாள். மூன்று வருடம் இப்படியே போனது. ரூத் அட்டையில் எண்ணிக்கையை எழுதிவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மிளகாப்பழத்துக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

நான்காவது வருடம் சினை பிடித்தது. இந்தத் தடவை நிச்சயம். சினைப் பாம்பு சாப்பாட்டை நிறுத்தும், நிறம் இருளும், சூடு வரும் இடத்துக்குக் கீழேயே கிடக்கும். எல்லாம் சரியாக இருந்தது. ரூத் அவள் வயிற்றில் விரலை ஓடவிட்டு, வார்டில் பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்காங்க" என்றார். அவளுக்காகவே புதிதாக ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டினார். கூண்டுக்குள் கொம்பருகே ஒரு சென்சார். சூடு குறைந்தால் அது ஹீட்டரைப் போடும், கூடினால் அணைக்கும். எண்பத்தாறு டிகிரிக்கு ஒரு பின்னம் ஏறாது, இறங்காது.

அக்டோபர் பாதி. இன்னும் மூன்று வாரம் என்று கணக்கு. ரூத் இரண்டு நாள் சான் டியேகோவில் வளர்ப்பாளர்கள் கூட்டத்துக்குப் போனார். போகும்போது சாவியை என் கையில் வைத்து, "இவளைப் பார்த்துக்கோ" என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கே பொட்டு வைத்தவன் நான். அறுக்கும் தட்டு, கத்திரி, ஃபார்மலின் ஜாடி எல்லாம் சந்தனத்தோடு வரிசையில் நிற்கும். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு, யாரும் தொடக் கூடாது. இங்கே ரூத்தின் எதிரில் அதைச் செய்யக் கூச்சப்பட்டு மூன்று வருடம் விட்டிருந்தேன். இந்த வருடம் அவர் இல்லை. பாம்புகளும் புகார் சொல்லாது.

புகை அவற்றுக்கு ஆகாது என்பதால் சாம்பிராணி, கற்பூரம் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். என் பொறுப்புணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன். கொக்கிகள், நீள இடுக்கி, தண்ணீர் தெளிப்பான், தராசு எல்லாவற்றையும் துடைத்து, பதினாலாம் கூண்டுக்கு முன்னால் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்போதுதான் மனது உறுத்தியது. இருப்பதிலேயே புதிய கருவி, பெரிய கருவி எது? அதற்குப் பொட்டு இல்லாமல் என்ன பூஜை?

சென்சாரைக் கூண்டிலிருந்து வெளியே இழுத்தேன். ஒயர் நீளம், மேசை வரை வந்தது. துடைத்து, சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, மற்ற கருவிகளோடு படுக்க வைத்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு, ஒரு மணி நேரம் அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன்.

எம்.எஸ்ஸி. படித்தவன் நினைத்த நினைப்பு அது. சென்சாருக்கு ஓய்வு கொடுத்தால் ஹீட்டருக்கும் ஓய்வு என்று. உண்மையில் நடந்தது நேர் எதிர். கொட்டகை ஏசியில், மேசை மேல் குளிர்ச்சியாகப் படுத்திருந்த சென்சார், கூண்டு குளிர்ந்து கிடக்கிறது என்று நம்பி, ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பூஜையை முடித்துக்கொண்டு உடனே திரும்புவதாகத் திட்டம். வீட்டில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சுண்டல். பாயசம். யாருடைய மகனுக்கோ எந்தக் கல்லூரி என்ற பேச்சு. என் வேலை தெரிந்த பிறகு முதன்முறையாக ஒருவர், "உங்க வேலை ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கே, சொல்லுங்களேன்" என்றார். எனக்கு ஐஸ் எடுக்கப் போகத் தோன்றவில்லை. மூன்று மணி நேரம் பேசினேன்.

கொட்டகைக்குத் திரும்பியபோது கையில் சுண்டல் டப்பா இருந்தது. மிளகாப்பழம் கொம்பில் இல்லை.

மரப்பாம்பு தரைக்கு வராது. அவள் தரையில் நீட்டிக் கிடந்தாள். பாதி உடம்பு தண்ணீர்க் கிண்ணத்தில். வாய் சற்றுத் திறந்திருந்தது. கொம்பருகே தொங்கிய கண்ணாடித் தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பது.

பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்து வைத்தேன். ஐஸ் வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் ரூத் சொல்லித் தந்திருந்தார்: சூடு ஏறியது போலவே மெதுவாகத்தான் இறங்க வேண்டும், திடீர்க் குளிர் கொன்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அவளைக் கையில் எடுத்து அதில் கிடத்தினேன்.

வெறும் கையில் எடுத்தேன். அவள் கடிக்கவில்லை. மூன்று வருடத்தில் அவளைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

ரூத் தங்கியிருந்த மோட்டலுக்குப் போன் செய்தேன். அவர் அறையில் இல்லை. வரவேற்பில் இருந்த பையன் செய்தி எழுதிக்கொண்டான்.

"பதினாலுக்குச் சூடு அதிகமாயிடுச்சு. என் தப்புதான். அப்படியே எழுதுங்க."

"பதினாலாவது ரூமா சார்? ஏசி ரிப்பேரா?"

"ரூம் இல்லை. பாம்பு."

"எங்க மோட்டல்லயா சார்?" என்றான், குரல் இறங்கி.

அடுத்து வசந்தாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்க, கரண்ட் வந்து வந்து போச்சு, மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்களேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை போனால் மறுபடி ஐஸ் சுமக்கத்தான் போவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"இது கோவில்பட்டியா, கரண்ட் போக?"

பின்னால், இரண்டாயிரத்து ஒன்றில், கலிஃபோர்னியாவிலும் கரண்ட் போய்ப் போய் வந்தது. அந்தச் சாக்கு எனக்கு ஐந்து வருடம் தாமதமாகக் கிடைத்தது.

"அட்டைல எழுதிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"அப்ப உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

பதினாலாம் அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை வெப்பம் எண்பத்தாறு என்று நானே எழுதியிருந்தேன். மாலைக் கட்டம் காலியாக இருந்தது. அதில் இன்னொரு எண்பத்தாறு எழுத அரை நொடி போதும். குட்டிகள் செத்துப் பிறந்தால், இந்த முறையும் அவளுக்குச் சரியாக வரவில்லை என்று ரூத் வெளியே போய்த் திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். மூடி திறந்த பேனாவோடு அப்படியே இருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் பெருமைப்படும்படி எதையாவது தேடினால், அந்த அரை மணி நேரத்தைத் தேடாதீர்கள்.

துணியை மாற்றப் போனேன். அவள் தலையைத் தூக்கியிருந்தாள். உதட்டோரக் குழிகள் என் பக்கம் திரும்பின. கட்டைவிரலை அப்படியே வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான். கடித்தாள். ஊசி ஊசியாக அத்தனை பல்லும் இறங்கின. வலியில் கண்ணில் நீர் வந்தது. வலியில்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கட்டைவிரலோடுதான் எழுதினேன். மூன்று மணி நேரம், தொண்ணூற்றொன்பது டிகிரி, சென்சாரை நான்தான் வெளியே எடுத்தேன், பண்டிகைக்காக. அட்டையில் இரண்டு சொட்டு ரத்தமும் பட்டது. அடித்தல் இல்லை.

ரூத் முதல் விமானத்திலேயே வந்துவிட்டார். கை கழுவினார். மிளகாப்பழம் மறுபடி கொம்பில் ஏறியிருந்தாள், ஆனால் தளர்வாக. வெகுநேரம் பார்த்தார். பிறகு சென்சாரைப் பார்த்தார். அதன் மேல் பொட்டு இன்னும் இருந்தது. அழிக்க எனக்குத் தோன்றவேயில்லை.

"இது ரத்தமா?"

"இல்லை. பொட்டு."

ஆயுத பூஜையை விளக்கினேன். கருவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் நன்றி சொல்வோம், அன்று அவற்றுக்கு ஓய்வு கொடுப்போம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அபத்தமாக இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அட்டையைப் படித்தார். மூன்று கேள்விகள் கேட்டார். தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்தது? வாய் எப்போது மூடியது? உன் கட்டைவிரலை டெட்டால் போட்டுக் கழுவினாயா?

"ரூத், நான் சாவியைக் கொடுத்துடறேன்" என்றேன்.

அவர் கழுத்துப் பேனாவால் அட்டையில் என் எழுத்துக்குக் கீழே ஏதோ ஒரு வரி எழுதி, அட்டையைப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

"பத்தொன்பதாம் கூண்டுக்குத் தண்ணி தெளிக்கலை" என்றார். "போய்த் தெளி."

மூன்று வாரம் அந்த வரியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பதினாலாம் அட்டையை ரூத்தே எடுத்து எழுதட்டும் என்று சாக்குச் சொல்லி நழுவினேன். என்னை நிறுத்துவதற்கான குறிப்பு அதில் இருக்கும் என்று உறுதியாக நம்பினேன். வீட்டில் ரசம் வைக்கும் முறை எனக்கு வந்தபோது வசந்தாவே வைத்துவிட்டாள். அதிலிருந்து என் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொண்டேன்.

ஒரு காலை, கதவைத் திறந்ததும் ரூத் விரலை உதட்டில் வைத்தார். மிளகாப்பழம் கொம்பில் வாலைத் தொங்கவிட்டு நெளிந்துகொண்டிருந்தாள். முதலில் வந்தது மஞ்சள் கட்டி. அடுத்ததும் கட்டி. மூன்றாவதும் கட்டி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஷான். இங்க பாரு."

கண்ணாடிக் காகிதம் போன்ற ஒரு பைக்குள் ஏதோ சுருண்டிருந்தது. அது அசைந்தது. பை கிழிந்தது. பின்னல் ஊசி கனத்தில் ஒரு மஞ்சள் குட்டி தலையை நீட்டி, வாயைத் திறந்து, உலகத்தில் முதல் வேலையாக என்னைக் கடிக்கப் பாய்ந்தது.

கட்டிகள் மூன்று. உருவாகி இறந்தவை இரண்டு. உயிரோடு ஆறு. மூன்று மஞ்சள், ஒன்று சாம்பல், இரண்டு அம்மாவின் சிவப்பு. அந்தச் சிவப்பு இரண்டில் ஒன்றுக்கு வால் பக்கம் முதுகெலும்பு வளைந்திருந்தது. சூட்டினால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ரூத். அவர் சொல்லாவிட்டாலும் இறந்த இரண்டையும் அந்த வளைவையும் நான் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

"எழுது. என் கை ஈரமா இருக்கு" என்று அவர் சொன்னதால், வேறு வழியில்லாமல் அட்டையை எடுத்தேன். என் ரத்தச் சொட்டுக்குக் கீழே நர்ஸுகளுக்கே உரிய சாய்ந்த எழுத்து: "ஒரு கூண்டை ஒரே சென்சாரை நம்பி விட்டது, ஒரு கொட்டகையை ஒரே ஆளை நம்பி விட்டது, இரண்டும் என் தவறு. உண்மையை எழுதும் ஆள் கிடைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளவும்."

வைத்துக்கொள்ளச் சொல்லி யாருக்கு எழுதினார் என்று தெரியவில்லை. முதலாளியும் அவர்தான். அதன் கீழே "உயிருடன் ஆறு" என்று எழுதினேன்.

வளைந்த குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதுவும் என்னைப்போல் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. முதல் ஒன்றரை மாதம் எதையும் தின்னவில்லை. நகத்தளவு எலிக்குஞ்சைக் கோழிக்குஞ்சின் சிறகில் புரட்டி வாசனை ஏற்றி, இடுக்கியில் பிடித்து, வால் நுனியில் மெல்லத் தட்டிக் கோபப்படுத்த வேண்டும். கோபத்தில் கடிக்கும். கடித்ததும் நாம் மூச்சுகூட விடாமல் சிலையாக வேண்டும். வாய்க்குள் இருப்பது சாப்பாடு என்று அதற்குப் புரிய நேரம் கொடுக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் நாள் புரிந்தது. வீட்டுக்குப் போன் செய்து, "சாப்பிட்டுட்டா" என்றேன். வசந்தா யாரென்றே கேட்கவில்லை. "அப்பாடா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அடுத்த வருடம் ஆயுத பூஜையன்று நான் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போனேன். மேசை மேல் கொக்கிகளும் இடுக்கியும் தராசும் துடைத்து அடுக்கியிருந்தன. ரூத் மூக்குக் கண்ணாடியை நுனியில் இறக்கிக்கொண்டு, கையில் சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியோடு நின்றார். எல்லாக் கூண்டுகளுக்கும் அதே தெர்மோஸ்டாட் வாங்கி, இரண்டாவதாக ஒரு சென்சாரும் ஏற்கெனவே மாட்டியிருந்தார். முதல் சென்சார் ஒவ்வொன்றுக்கும், கூண்டுக்குள் கையை நீட்டி, இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பதினாலில் மிளகாப்பழம் அவர் மணிக்கட்டில் ஒரு கடி கடித்தாள். ரூத் பொருட்படுத்தவில்லை.

"இது அழியாது" என்றார். "மத்ததுக்கெல்லாம் நீ வை. எல்லாத்துக்கும் லீவு குடு. இந்தச் சென்சாருங்க லீவுல இருந்தாலும் வேலை பார்க்கிற ஜாதி, நர்ஸு மாதிரி. வெளிய எடுக்காத."

சிவாவிடம் இதில் பாதியைத்தான் அன்று போனில் சொல்ல முடிந்தது. அவன் பின்னாலிருந்து திவ்யாவின் குரல் கேட்டது. "என்னவாம்? சொரண்டலாமா வேணாமா?"

"வேணாம்" என்றான் சிவா. "பொட்டு ஏற்கெனவே வெச்சாச்சு."